ஐஸ் மேல் அடியாள் வேலை

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரைத் தயாரிக்கும் அங்கிள் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். "கதிர், நீங்க ப்ரொஃபஷனலா ஐஸ் ஹாக்கி ஆடினவர். நம்ம கம்யூனிட்டியில வேற யாரு இருக்கா சொல்லுங்க? யங்ஸ்டர்ஸுக்கு இன்ஸ்பிரேஷனா ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க" என்றார். மொத்தம் எத்தனை கோல் என்று கேட்டார். ஆறு வருடத்தில் மூன்று என்றேன். கையில் இருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப என்னதான் பண்ணீங்க?"

"சண்டை போட்டேன் அங்கிள்."

"அது சரி. ஆட்டத்துல என்ன பண்ணீங்க?"

"ஆட்டத்துலதான் அங்கிள்."

அவர் போகும்போது, எதற்கும் எழுதுங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் எழுதப்போவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் நான் ஆடிய மாதிரி சின்ன லீக்குகளில் இப்போது சட்டத்தை மாற்றிக்கொண்டு வருகிறார்கள். பேசிவைத்துக்கொண்டு சண்டை போட்டால் அன்றைக்கு ஆட்டத்தை விட்டே வெளியே போக வேண்டியதுதானாம். டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் நான் வேலை செய்யும் பனி ஆடுகளமான ஐஸ் ரிங்குக்குப் பயிற்சிக்கு வருகிற ஆட்டக்காரர்கள், இதற்கென்றே அணியில் ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்களா என்று என்னிடம் ஆச்சரியமாகக் கேட்கிறார்கள். வைத்திருந்தார்கள். நான்தான் அது. அதனால் எழுதுகிறேன். இதில் இன்ஸ்பிரேஷன் ஏதாவது இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து டெக்சாஸ் வந்தபோது எனக்குப் பதினொரு வயது. அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை. வந்தது ஜூலை மாதம். வெளியே கால் வைக்க முடியாத வெயில். அம்மா என்னைக் கோடை விடுமுறைக்கு ஐஸ் ரிங்கில் சேர்த்துவிட்டதற்கு ஒரே காரணம் அது குளிராக இருந்தது என்பதுதான். எனக்கு உடம்பு பெரிசு, எங்கள் தாத்தா வழி. பதினேழு வயதில் வட மாநிலம் ஒன்றுக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி ஜூனியர் ஹாக்கி ஆடினேன். போன முதல் வாரமே விஷயம் தெரிந்துவிட்டது. எனக்கு வேகம் இல்லை, வளைந்து திரும்ப வரவில்லை. மோத வந்தது. மோதினவன் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தால் பயம் வரவில்லை. பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இருபத்தொரு வயது ஆனதும் பிள்ளைகளுக்கு அப்பாவின் விசா செல்லாது. இது இங்கே எல்லா வீட்டிலும் தெரிந்த கதைதான். அப்பா கிரீன் கார்டு வரிசையில் நின்றுகொண்டே இருந்தார், வரிசை நகரவில்லை. என் வயதுப் பையன்கள் எல்லாம் மாணவர் விசாவுக்கு மாறினார்கள். எனக்கு டெக்சாஸில் ஒரு எண்ணெய் ஊரின் அணி காண்ட்ராக்ட் கொடுத்தது. அதை வைத்து விளையாட்டுக்காரர்களுக்கான விசா கிடைத்தது. அணியில் விசாவில் இருந்தவர்கள் கனடாக்காரர்கள் சிலரும் நானும்தான். காண்ட்ராக்ட் இருக்கிறவரை விசா. காண்ட்ராக்ட் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதை அந்த ஆறு வருடமும் நானும் மறக்கவில்லை, வீட்டில் யாரும் மறக்கவில்லை.

அப்பாவிடம் என் வேலை என்னவென்று முதல் சீசன் பாதியில்தான் சொன்னேன். அதற்கு முன் டிவியில் பார்த்துவிட்டார்.

"ஊர்ல கந்துவட்டிக்காரன்கிட்ட அடியாளா இருக்கறவனுக்குக் கூட விசா வேண்டியதில்ல" என்றார். "எம்பையனுக்கு அதுக்கு ஒரு விசா, அதுக்கு ஒரு லாயர்."

கோவிலில் யாராவது ஆன்ட்டி கேட்டால் அம்மா, "பையன் ஹாக்கி ஆடறானுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அவர்களும் புல்தரையில் மட்டையோடு ஓடுகிற ஹாக்கி என்று நினைத்துக்கொண்டு, நல்லதுங்க, உடம்புக்கு நல்லது என்பார்கள்.

இந்த வேலைக்கு முறை உண்டு. எடுத்த எடுப்பில் போய் ஒருவனை அடித்துவிட முடியாது. முதலில் கேட்க வேண்டும். "போலாமா?" என்று ஒரு வார்த்தை. எதிர் அணியில் இதே வேலைக்கு இருப்பவனைத்தான் கேட்க வேண்டும். கோல் போடுகிறவனிடம் போய்க் கேட்பது கேவலம். அவன் நிறைய நேரம் ஓடிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் கேட்கக் கூடாது. அவன் சரி என்று தலையாட்டினால் இருவரும் மட்டையையும் கையுறையையும் கீழே போட வேண்டும். விழுந்தவனை அடிக்கக் கூடாது. யாராவது ஒருவர் விழும்வரை துணை நடுவர்களான லைன்ஸ்மேன்கள் இரண்டு பேரும் ஒதுங்கி நிற்பார்கள், விழுந்ததும் நடுவில் வந்து பிரித்துவிடுவார்கள். பிறகு ஆளுக்கு ஐந்து நிமிடம் பெனால்டி பாக்ஸ் என்ற தண்டனைக் கூண்டில் உட்கார வேண்டும். அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்குத்தான் அது வெறி. எங்களுக்கு டூட்டி.

ஜெர்சியின் முதுகுப்பக்கம் உள்ளே ஒரு பட்டை இருக்கும். அதைக் கால்சட்டையோடு மாட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிராளி ஜெர்சியைத் தலைக்கு மேல் இழுத்துவிடுவான். கண் மறைந்துவிடும், அப்புறம் முகத்தில் எத்தனை விழுந்தது என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஐஸ் மேல் அடிப்பது பெரிய வித்தையில்லை, நிற்பதுதான் வித்தை. வலது கையால் ஓங்கிக் குத்தினால் குத்தினவனே சுற்றிக்கொண்டு விழுவான். அதனால் இடது கையால் எதிராளியின் வலது தோளுக்குக் கீழே ஜெர்சியைக் கொத்தாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிடி அவன் கையையும் கட்டும், நம்மையும் நிற்க வைக்கும். குத்தும்போது நெற்றியில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நெற்றி எலும்பு கெட்டி, நம் விரல்தான் உடையும்.

எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பெரியது. உடம்பில் எங்கே வலி என்று யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். தன் வலியையும் சொல்லக் கூடாது, அடுத்தவன் வலியையும் சொல்லக் கூடாது. விலா எலும்பு முறிந்திருந்தாலும் பேப்பரில் "உடம்பின் மேற்பகுதியில் சிறு காயம்" என்றுதான் வரும். இடம் தெரிந்தால் எதிரி அங்கேயே அடிப்பான். அதைவிட முக்கியம், அணிக்காரர்கள் வேறு ஆளைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

எங்கள் கோச்சின் பெயர் ஹார்லன். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. எப்போதும் கோட்டுப் பையில் ஒரு ஆரஞ்சு இருக்கும். தோல் அறுந்து போகாமல் ஒரே சுருளாக உரிப்பார், உரித்து முடிக்கும்வரை பேச மாட்டார். ஆறு வருடத்தில் சண்டை என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஆட்டம் நடக்கும்போது பெஞ்சுக்குப் பின்னால் மெல்ல நடந்து வருவார். என் இடது தோளில் இரண்டு விரலை வைப்பார். "இங்கே ரொம்ப அமைதியா இருக்கு" என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நகர்ந்து வழி விடுவான். நான் எழுந்து போவேன். திரும்பி வந்தால் என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். மறுநாள் பயிற்சிக்கு வந்ததும் என் கையை வாங்கி, சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல் ஒவ்வொரு விரல் முட்டியாகத் திருப்பிப் பார்ப்பார். "இன்னும் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கையை என்னிடமே கொடுத்துவிடுவார். அதுதான் அவருடைய பாராட்டு.

ஒருமுறை கை வீங்கிக் கிடந்தபோது அம்மா ஃபிரிஸ்கோவிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்து, புளிக்கரைசலில் உப்பும் மஞ்சளும் கொதிக்க வைத்துப் பத்துப் போட்டுவிட்டாள். மறுநாள் ஹார்லன் கையைப் பார்த்தவர் அப்படியே கீழே விட்டுவிட்டார். அணிக்கு வைத்தியம் பார்க்கும் டிரெய்னர் ஓடி வந்தார். சீழ் பிடித்திருக்கிறது என்று ஒருவர், மஞ்சள் காமாலை என்று ஒருவர். நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் டாக்டரிடம் அனுப்பி ரத்தம் எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்ததும் எங்கள் அணியில் பாதிப் பேர் வந்து அது என்ன, எனக்கும் கொஞ்சம் என்று நின்றார்கள். அம்மா டப்பா டப்பாவாகக் கொடுத்து அனுப்பினாள். துணி துவைக்கிற ஆள் என்னைத் தேடிக்கொண்டு வந்து திட்டிவிட்டுப் போனார். வெள்ளை ஜெர்சி ஒன்றுகூட வெள்ளையாக இல்லையாம்.

இனி டெரிக். கனடாவின் கோதுமைக் காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவன். முதல் சீசனில் எனக்கும் அவனுக்கும் அணி ஒரே அபார்ட்மென்ட் கொடுத்திருந்தது. அவனுக்கும் என் வேலைதான். ஒரு அணிக்கு இரண்டு அடியாள் எதற்கு என்று மறு வருடம் அவனைப் பக்கத்து மாநிலத்து அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு எங்கள் அணிகள் மோதும்போதெல்லாம் நாங்கள் இருவரும் சண்டை போட வேண்டியதாயிற்று. அவன் மூக்கை நான் ஒருமுறை உடைத்தேன். என் முன்பல் ஒன்று அவனிடம் போயிற்று. கூட்டம் எங்களை ஜென்ம விரோதிகள் என்று நினைத்துக்கொண்டு பதாகை எல்லாம் பிடிக்கும். நாங்களோ ஆட்டத்தன்று காலைப் பயிற்சி முடிந்ததும் சேர்ந்து சாப்பிடப் போவோம். அம்மா வந்திருந்தால் என் அபார்ட்மென்ட்டில் சாப்பாடு. நான் கூப்பிடுவதைப் பார்த்து அவனும் அம்மா என்றே கூப்பிடுவான். அம்மா அவனுக்கு என்னைவிட ஒரு கரண்டி சேர்த்துத்தான் போடுவாள்.

ஆறாவது சீசன். அன்று எங்கள் ஊரில் ஆட்டம். அம்மா வந்து பள்ளிப்பாளையம் சிக்கன் செய்திருந்தாள். டெரிக் வந்தவன் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்காரவில்லை. வெளிச்சம் கண்ணில் படாதபடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். முந்தின வாரம் வேறு ஊரில் டெரிக் ஒரு இளம் ஆட்டக்காரனோடு சண்டை போட்டு, பின்பக்கமாக விழுந்து தலை ஐஸில் மோதியது என்று கேள்விப்பட்டிருந்தேன். கேட்டேன். ஒன்றுமில்லை என்றான்.

சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம், அப்பாவுக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டதா என்று கேட்டான். இன்னும் இல்லை என்றாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதையே கேட்டான். அம்மா சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். மூன்றாவது தடவை கேட்டபோது என்னைப் பார்த்தாள். நான்காவது தடவை அவளுக்குக் கரண்டி பிடித்த கை நின்றுவிட்டது. அவன் கை கழுவப் போனதும் என் பக்கம் குனிந்தாள்.

"கண்ணு, இவனுக்கு என்னமோ ஆயிருச்சு. கண்ணைப் பாரு, எங்கயோ இருக்குது. இன்னிக்கு இவன் மேல கை வெக்காத சாமி."

"கோச் சொன்னா போவோணும்மா."

"போவாட்டி?"

"காண்ட்ராக்ட் கேன்சல் பண்ணிருவாங்க. விசாவும் போயிரும்."

அது அவளுக்குத் தெரியாததா? தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். டெரிக் கிளம்பும்போது மட்டும் வாசலில் வழி மறித்து நின்று, "நோ ஃபைட் டுடே. ஓகே?" என்றாள். அவன் சிரித்து, அது எங்கள் வேலை அம்மா என்று சொல்லிவிட்டு அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு வெளியே வந்தான்.

படிக்கட்டில் நிறுத்தி, இன்றைக்கு ஆடாதே, உங்கள் டிரெய்னரிடம் சொல் என்றேன்.

"சொன்னா நாளைக்கு அங்க எனக்கு லாக்கர் இருக்காது" என்றான். அவன் மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். அவன் வேலைக்கென்று இருபது வயதுப் பையன் ஒருவனை அணியில் கொண்டு வந்து உட்கார வைத்திருந்தார்கள். அன்றைக்கு டெரிக் தன் பலத்தைக் காட்டியாக வேண்டும். "நீயும் சொல்லமாட்டே" என்றான். கேள்வியாகக் கேட்கவில்லை. எனக்குச் சட்டம் தெரியும் என்ற நம்பிக்கையில் சொன்னான். காரில் ஏறும்போது கண்ணாடியை இறக்கி, உங்கள் அப்பாவுக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டதா என்று கேட்டான்.

மூன்று பகுதி ஆட்டத்தில் இரண்டாவது பீரியடில் நாங்கள் இரண்டு கோல் பின்தங்கியிருந்தோம். கூட்டம் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தது. பெஞ்சுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தோளில் இரண்டு விரல்.

"இங்கே ரொம்ப அமைதியா இருக்கு."

"கோச், இன்னிக்கு அவனோட வேண்டாம்" என்றேன். அந்த விரல்களுக்கு நான் பதில் பேசியது அதுதான் முதல் தடவை.

"யாரோடன்னு நான் சொல்லவே இல்லையே" என்றார்.

நியாயம்தான். அவர் எதையும் சொல்வதில்லை. பக்கத்தில் இருந்தவன் வழி விட்டான். எதிர்ப் பெஞ்சிலிருந்து டெரிக்கும் இறங்கினான். அவன் தோளிலும் யாராவது விரல் வைத்திருப்பார்கள்.

பக் என்கிற ரப்பர் வட்டை நடுவர் போடுவதற்காக நாங்கள் வட்டத்தின் ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். "போலாமா?" என்றான்.

"இன்னிக்கு வேண்டாம்."

"போலாம் கதிர்."

"வேண்டாம்டா."

"ப்ளீஸ்" என்றான். எங்கள் தொழிலில் அந்த வார்த்தையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பக் விழுந்ததும் அவன் கையுறைகளை உதறிப்போட்டு என் மேல் பாய்ந்தான்.

நான் கையுறையைக் கழற்றவில்லை. அவன் இரண்டு கைகளையும் சேர்த்து நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஒரு கையை உருவி என் காதில் நாலு போட்டான். விடவில்லை. கூட்டம் ஊளையிட்டது. ஒரு ஐஸ் கட்டி, ஒரு பிளாஸ்டிக் கப் என்று மேலிருந்து விழுந்தன. அவன் காலைத் தட்டிவிட்டு நானே மல்லாக்க விழுந்தேன், அவன் தலை ஐஸில் படாமல் என் மேல் விழும்படி. லைன்ஸ்மேன் வந்து குனிந்தார். இருபது வருடம் விசில் ஊதின மனுஷன்.

"இவன் தலை சரியில்ல" என்றேன். "மத்தியானம் ஒரே கேள்வியை அஞ்சு தடவை கேட்டான். அவங்க டிரெய்னர் பார்க்காம இவனை விடாதீங்க."

டெரிக்கின் காது என் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. எல்லாம் கேட்டிருக்கும். என்னை அடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. அதன் பிறகு அவன் என்னை அடிக்கவே இல்லை. அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

லைன்ஸ்மேன் அவனைப் பெனால்டி பாக்ஸுக்குக் கொண்டுபோகவில்லை. நேரே அவர்கள் பெஞ்சுக்குக் கொண்டுபோய் டிரெய்னரிடம் ஏதோ சொன்னார். டிரெய்னர் டெரிக்கின் ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். நான் பாக்ஸிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டெரிக் கண்ணைத் தூக்கி ரிங்கின் சுவர் முழுக்கத் தேடினான். பர்னிச்சர் கடை விளம்பரம், டயர் கடை விளம்பரம் என்று ஒவ்வொன்றாகப் படித்தான். அப்போதுதான் புரிந்தது. இது எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். பதில் எங்கேயாவது எழுதியிருக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். வாசலில் நின்று திரும்பி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த என்னைப் பார்த்துக் கத்தினான். என்ன கத்தினான் என்று கூட்டத்தின் சத்தத்தில் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதன் பிறகு டெரிக் எந்த அணிக்கும் ஆடவில்லை.

எங்கள் லாக்கர் ரூமில் அன்று யாரும் என்னோடு பேசவில்லை. துரோகி என்று வாய்விட்டு யாராவது சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். என் பையை மட்டும் யாரோ நகர்த்திக் கதவோரம் வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை ஹார்லன் கூப்பிட்டனுப்பினார். போனபோது ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை நின்றேன். பாதியை எனக்குக் கொடுத்தார்.

"நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லல" என்றார்.

"அப்புறம் எதுக்கு கோச் கூப்பிட்டீங்க?"

"இனிமே உன்னோட எவன் சண்டைக்கு வருவான்? அவனுக்கு எங்க வலிக்குதுன்னு நீ சொல்லிடுவே. சண்டைக்கு ஆள் வராத ஒருத்தனை நான் பெஞ்சில வெச்சுக்கிட்டு என்ன பண்ணட்டும்?"

தொழில் கணக்கில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் கையை ஒரு தடவை வாங்கிப் பார்த்தார். "இன்னும் இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி ஆரஞ்சைச் சாப்பிட ஆரம்பித்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் கூலிக்கு இருந்தவர்தான்.

அப்பா காரை எடுத்துக்கொண்டு வந்து என்னையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டார். வழியில் பெட்ரோல் போட நிறுத்தின இடத்தில், பம்ப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "அடியாள் வேலையில இருந்து டிஸ்மிஸ் ஆன மொத ஆளு ஒலகத்துலயே நீதான்டா" என்றார். அப்புறம் மீட்டரைப் பார்த்துக்கொண்டே, "சரியாத்தான் பண்ணியிருக்கறே" என்றார். என் வேலையைப் பற்றி அவர் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான், வேலை போன பிறகு.

ஊருக்குப் போனேன். ஈரோட்டில் மாமாவின் மஞ்சள் மண்டியில் சில வருடம் இருந்தேன். அங்கே என்னிடம் ஐஸைப் பற்றிக் கேட்டவர்கள், குச்சி ஐஸா கப் ஐஸா என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். பிறகு நித்யாவோடு கல்யாணம். அவளுக்கு டாலஸில் வேலை கிடைத்தது. பழையபடி டிபெண்டன்ட்டாக, இந்தத் தடவை அவள் விசாவில், விமானம் ஏறினேன். அவள் புண்ணியத்தில் கிரீன் கார்டு வந்தது. இப்போது ரிங்கில் ஐஸ் போடுவது, மெஷின் பார்ப்பது, ஆட்களை மேய்ப்பது எல்லாம் நான்தான்.

இத்தனை வருடமும் டெரிக்கை எத்தனையோ தடவை போனில் கூப்பிட்டிருக்கிறேன். எடுக்கவில்லை. பிறகு அந்த நம்பரும் செத்துவிட்டது. எங்கள் வேலையைச் செய்தவர்களைப் பற்றி அவ்வப்போது செய்தி வரும். தலையில் வாங்கின அடிகளால் ஒருவனுக்கு வீட்டுக்கு வழி தெரியவில்லையாம். ஒருவனுக்குத் தன் பிள்ளைகளையே அடையாளம் தெரியவில்லையாம். நாற்பது, நாற்பத்தைந்து வயதுதான் இருக்கும். படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். நான் அன்றைக்குச் சொன்னது நேரத்துக்குச் சொன்னதா, இல்லை, எல்லாம் முடிந்த பிறகு சொன்னதா? வேலை போனது, நாட்டை விட்டுப் போனது, இதெல்லாம் போகட்டும். அது எதற்காவது உதவியதா என்று தெரியாமல் இருந்ததுதான் உறுத்தியது. அம்மா வருடத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள், "அந்தப் பையன் எப்படி இருக்கறானோ." தெரியாதும்மா என்பேன்.

போன குளிர்காலத்தில் எங்கள் ரிங்கில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி நடந்தது. வெளியூர் அணிகள் வந்திருந்தன. ஒரு அணிக்கு கோச்சாக வந்திறங்கியவனின் நடையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முடி நரைத்திருந்தது, மூக்கு நான் உடைத்த மாதிரியே கோணலாக இருந்தது. சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியோரம் நின்றேன். எத்தனையோ பேர் முன்னால் பயமில்லாமல் கையுறையைக் கழற்றியிருக்கிறேன். என்னைப் பார்த்து, ஹலோ சார், டிரெஸ்ஸிங் ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

என்னைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாண்டிப் போய்விட்டான்.

பத்தடி போய்த் திரும்பி வந்தான். பிள்ளைகள் இருக்கிறார்களே என்று குரலைத் தணித்துக்கொண்டு ஆரம்பித்தான். இங்கே எழுத முடியாத வார்த்தைகளை எடுத்துவிட்டுச் சொல்கிறேன். "ரெண்டாவது பீரியட். நாங்க ரெண்டு கோல் முன்னாடி. நான் உன்கிட்ட ப்ளீஸ்னு கேட்டேன். வாழ்க்கையில நான் வேற எவன்கிட்டயும் அப்படிக் கேட்டதில்ல. நீ கையுறையைக்கூடக் கழட்டல." லைன்ஸ்மேனிடம் நான் சொன்னதை வார்த்தை மாறாமல் என்னிடமே ஒப்பித்தான். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததைச் சொன்னான். அடுத்த மாதம் மகள் பிறந்தபோது கையில் வேலை இல்லாமல் ஆஸ்பத்திரியில் நின்றதைச் சொன்னான். பழைய அபார்ட்மென்ட்டின் எண்ணைக்கூடச் சொன்னான், எனக்கே அது மறந்துவிட்டது. "சாகறவரைக்கும் உன்னை மன்னிக்க மாட்டேன்" என்றான். நான் கை நீட்டினேன். அவன் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தான். போய்த் தன் அணிப் பிள்ளைகளைப் பெயர் பெயராகக் கூப்பிட்டு ஐஸில் இறக்கினான். ஹெல்மெட் போட்டால் எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவன் ஒரு பெயரைக்கூட மாற்றிச் சொல்லவில்லை.

ஆபீஸ் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவுக்கு போன் போட்டேன்.

"டெரிக்கைப் பாத்தேம்மா."

"என்ன கண்ணு சொன்னான்?" என்றாள்.

"கெட்ட கெட்ட வார்த்தையில திட்டினான். சாகறவரைக்கும் மன்னிக்கமாட்டானாம். அன்னிக்கு நடந்ததை எல்லாம் சொல்லிச் சொல்லித் திட்டினாம்மா."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம."

அம்மா அழுவது கேட்டது. எனக்கும் தாங்கவில்லை.

"திட்டட்டும் சாமி" என்றாள். "நல்லாத் திட்டட்டும்."